‘ஜோடி’ என்று சொல்லி விற்கிறார்கள், அது ஜோடிதானா? கடல் ஏஞ்சல் மீன் வாங்கும் முன் தெரிய வேண்டியவை

“தம்பி, இது ஜோடி மீன். பிரிச்சா ஏங்கிச் செத்துரும். ரெண்டையும் சேர்த்தே எடுத்துக்கோங்க.”

போன வருடம் சாரல் சீசனில் ஒரு வண்ணமீன் கடையில் இதைக் கேட்டுவிட்டுத்தான் தென்காசி நண்பர் ஒருவர் இரண்டு எம்பரர் ஏஞ்சல் குஞ்சுகளை வாங்கினார். அடர்நீல உடம்பு. அதில், குளத்தில் கல் விழுந்தால் பரவுமே, அப்படி ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளை வளையங்கள். இரண்டும் ஒரே அளவு, கட்டைவிரல் நீளம். வீட்டில் நான்கு அடித் தொட்டி, உப்புநீர், வெளிச்சம், பாறை எல்லாம் மூன்று மாதமாகத் தயாராக இருந்தது. முதல் இரண்டு நாள் இரண்டும் பாறைக்குள் ஒளிந்தே கிடந்தன. மூன்றாம் நாள் ஒன்று மற்றொன்றைத் துரத்த ஆரம்பித்தது. விளையாடுகிறது என்று நினைத்து வீடியோ எடுத்து அனுப்பினார். பதினோராம் நாள் காலையில் ஒரு மீன், வாலும் துடுப்பும் கிழிந்து, பம்பின் வாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

கடைக்காரர் பொய் சொன்னாரா? அநேகமாக இல்லை. அவருக்கும் தெரியாது, அவருக்கு விற்றவருக்கும் தெரியாது. பிரச்சினையே அங்கேதான்.

மத்தளம்பாறையில் 2011இல் ஸோஹோ அலுவலகம் வந்தது; அதன் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வழக்கமும் வந்தது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் மாதச் சம்பளக்காரர்களான இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். வேலை மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் பவளமும் வண்ணமீனும் என்பது பலருடைய ஆசை. ஆசையில் தவறில்லை. ஆனால் ‘கடல் ஏஞ்சல் ஜோடி’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் உயிரியல், சட்டம், மின்சாரம், பணம் என நான்கு விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன. ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

எந்த ஏஞ்சல்?

நம் ஊர்க் கடைகளில் ‘ஏஞ்சல்’ என்றால் பெரும்பாலும் நன்னீர் ஏஞ்சல்தான். அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. முக்கோண வடிவில் தட்டையாக, நீண்ட துடுப்போடு இருக்கும். அது உண்மையிலேயே ஜோடி சேரும் மீன். ஆறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தால், பருவம் வந்ததும் ஆணும் பெண்ணுமாக இரண்டு தனியே ஒதுங்கி ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். இலையிலோ கண்ணாடியிலோ முட்டை ஒட்டி, இரண்டும் சேர்ந்து காவல் காக்கும். இதைப் பார்த்துப் பழகிய கண்தான் கடல் ஏஞ்சலையும் ‘ஜோடி’ என்று சொல்கிறது.

கடல் ஏஞ்சலுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவே கிடையாது. அது போமகாந்திடே என்ற தனிக் குடும்பம். கிட்டத்தட்ட 90 இனங்கள். வண்ணத்துப்பூச்சி மீன்களோடு குழப்பிக்கொள்பவர்கள் செவுள்மூடியின் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். ஏஞ்சலுக்கு அங்கே பின்னோக்கி நீட்டிய ஒரு கூர்முள் இருக்கும். வண்ணத்துப்பூச்சி மீனுக்கு இருக்காது. இந்த முள் வலையில் மாட்டிக்கொள்ளும் என்பதால் ஏஞ்சலை வலை போட்டுப் பிடிக்காமல் ஒரு டப்பாவால் மொண்டு எடுப்பதுதான் நல்லது. கடைக்காரர் எப்படிப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். அவருடைய அனுபவம் அதிலேயே தெரிந்துவிடும்.

எல்லோரும் முதலில் பெண்தான்

கடல் ஏஞ்சல்களில் இதுவரை ஆராயப்பட்ட பல இனங்கள் பெண்ணாகவே வாழ்க்கையைத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியதாகவும் அதிகாரம் செலுத்துவதாகவும் இருக்கும் ஒன்று பிறகு ஆணாக மாறுகிறது. ஜப்பானின் மியாக்கே தீவில் சிறுவகை ஏஞ்சல் ஒன்றை ஜாக் மோயரும் நகசோனோவும் கடலுக்குள்ளேயே கவனித்து 1978இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒரு ஆண், அதன் எல்லைக்குள் சில பெண்கள், அதுதான் குடும்பம். ஆண் இல்லாமல் போனால் இருப்பதில் பெரிய பெண் அதன் இடத்தைப் பிடித்து, சில வாரங்களில் ஆணாகவே மாறிவிடுகிறது.

ஆக, இங்கே ‘ஜோடி’ என்பது கல்யாண ஜோடி மாதிரி இல்லை. மேலாளரும் ஊழியரும் மாதிரி என்று சொன்னால் அலுவலகம் போகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். யார் பெரியவர் என்பது முடிவாகிவிட்டால் அமைதி. முடிவாகவில்லை என்றால் சண்டை. ஒரே அளவில் இரண்டை விட்டால் அது முடிவாகவே ஆகாது. நண்பரின் தொட்டியில் நடந்தது அதுதான்.

ஏற்கெனவே ஆணாக மாறிவிட்ட இரண்டு மீன்களைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். சிறுவகைகள் சிலவற்றில் ஆண் மறுபடி பெண்ணாக மாறுவதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அது மெதுவாக நடக்கும். அதற்குள் உங்கள் தொட்டியில் ஒன்று செத்திருக்கும்.

எது சேரும், எது சேரவே சேராது?

எம்பரர் ஏஞ்சல் 40 செ.மீ. வரை வளரும். குஞ்சில் வளையமாக இருப்பது வளர்ந்ததும் மஞ்சள் கோடுகளாக மாறிவிடும். கண்ணில் கறுப்புப் பட்டை வேறு. குஞ்சும் தாயும் இவ்வளவு வேறுபட்டிருந்ததால் 18ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகளே ஏமாந்தார்கள். 1787இல் வளர்ந்த மீனுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 1801இல் குஞ்சைப் புது இனம் என்று நினைத்து நிக்கோபார் தீவின் பெயரைச் சேர்த்து இன்னொரு பெயர் வைத்தார்கள். இப்படி நிறம் மாறுவதற்கு ஒரு விளக்கம் உண்டு. பெரிய மீன் தன்னைப் போல நிறமுள்ள மீனைத்தான் எதிரியாகப் பார்த்து விரட்டும். குஞ்சு வேறு சட்டை போட்டிருந்தால் தப்பிக்கும். ஆனால் இரண்டு குஞ்சுகள் ஒரே சட்டையில் எதிரெதிரே நின்றால்? அதே விதி அப்படியே திரும்பி அடிக்கும்.

எம்பரர், நீலவளைய ஏஞ்சல், அரைவட்ட ஏஞ்சல் என்று நம் மன்னார் வளைகுடாவிலேயே திரியும் பெரிய வகைகளைக் கடலில் சில நேரம் இரண்டாகப் பார்க்கலாம். அங்கே அவற்றுக்கு ஓடி ஒளிய இடம் இருக்கிறது. வீட்டில் ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டி இல்லாமல் இரண்டை வைப்பது வீண்முயற்சி. ஒன்றை வைப்பதே பெரிய விஷயம்.

சென்ட்ரோபைஜி என்ற சிறுவகை ஏஞ்சல்கள் வேறு கதை. பெரும்பாலானவை 10 செ.மீ. சுற்றித்தான் இருக்கும். கோரல் பியூட்டி, ஃபிளேம் ஏஞ்சல் எல்லாம் இந்த வகை. இவற்றில் ஜோடி சேர்ப்பது முடியும், நான்கு அடித் தொட்டியிலேயே முடியும். ஆனால் கடையில் ‘ஜோடி’ என்று கேட்டு வாங்கக் கூடாது. நீங்களே உருவாக்க வேண்டும்.

முறை இதுதான். கண்ணால் பார்த்தாலே தெரியும்படி ஒன்று பெரியது, ஒன்று சிறியது என எடுங்கள். சிறியது பருவம் வராத குஞ்சாக இருப்பது உத்தமம். சிறியதை முதலில் தொட்டியில் விட்டு, பாறை இடுக்குகள் பழகட்டும் என்று இரண்டு வாரம் விடுங்கள். பெரியதை நேராகக் கொட்டாமல், துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து அதே தொட்டிக்குள் தொங்கவிட்டு ஒரு வாரம் பார்க்க வையுங்கள். பெட்டிக்கு வெளியே இருக்கும் மீன் உடம்பைச் சாய்த்துப் பணிந்து போனால் நல்ல சகுனம். கண்ணாடியில் மோதிக்கொண்டே இருந்தால் இந்த இரண்டும் ஒத்துவராது. திறந்துவிட்ட பிறகு லேசான துரத்தல் இருக்கத்தான் செய்யும். துடுப்பு கிழிந்தால், ஒன்று சாப்பிட வராமல் மூலையிலேயே நின்றால், அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். அப்படிப் பிரித்து வைக்க இரண்டாவதாக ஒரு சின்னத் தொட்டி கையில் இல்லை என்றால் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மீனுக்குச் செய்யும் நன்மை.

ஜெனிகாந்தஸ் என்று மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. வால் கத்தரி போல இருக்கும். தண்ணீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறமே வேறு என்பதால் கடையிலேயே பார்த்து எடுக்கலாம். பவளத்தைக் கடிக்கும் பழக்கமும் அரிது. ஜோடிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்குப் புத்திசாலித்தனமான தேர்வு இதுதான். ஆனால் 15, 20 செ.மீ. வளர்ந்து நாள் முழுக்க நீந்தும் மீன். ஆறு அடித் தொட்டி கேட்கும். விலையும் கேட்கும்!

பவளம்: இங்கேதான் சட்டம் குறுக்கே வரும்

ரீஃப் தொட்டி என்றால் மீனோடு உயிருள்ள பவளங்களும் சேர்ந்தது. ஏஞ்சலுக்கும் பவளத்துக்கும் பொருத்தம் சுமார்தான். பெரிய ஏஞ்சல்கள் கடலில் கடற்பஞ்சுகளைத் தின்று வாழ்பவை. தொட்டியில் அது கிடைக்காதபோது சதைப்பற்றுள்ள பவளங்களைக் கொத்தும். சிறுவகைகள் பாசியை மேய்பவை. ஆறு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு ஏழாம் மாதம் கொத்த ஆரம்பிக்கும் மீன்களும் உண்டு. எந்த மீன் எப்போது கெட்டுப்போகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பவளம் உங்கள் வீட்டில் இருக்கலாமா என்பது. இதை மீன் கடைகளில் யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001இல் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கடல்குதிரைகளுக்கும் ராட்சதச் சிப்பிகளில் சில இனங்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் பவளங்கள் முதல் அட்டவணையிலேயே நீடிக்கின்றன. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். உயிருள்ள பவளம் மட்டுமில்லை, செத்த பவளத் துண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. ‘லைவ் ராக்’ என்று எடைபோட்டு விற்கும் பாறை பல நேரம் பழைய பவளம்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

“வெளிநாட்டுப் பவளம்தானே, நம்ம கடல்ல எடுக்கலையே” என்று ஒரு வாதம் வரும். அட்டவணை இன்ன நாட்டுப் பவளம் என்று பிரிக்கவில்லை. பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே என்கிறது. தவிர, அவை சைட்ஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டிலும் வருகின்றன. சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் தனி விதிகளே வந்துவிட்டன.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினோம். சட்டப் பாதுகாப்பும் 2004 சுனாமியும் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. அதற்குள் தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு கரைந்து சுருங்கி, செயற்கைப் பாறைகள் போட்டுக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. மிச்சம் இருப்பதையும் வெப்பம் விடவில்லை. 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் கூட்டமாக வெளிறின. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு துண்டாகப் பவளத்தை நட்டு மீட்டுக்கொண்டிருக்கும் அதே கடலிலிருந்து நம் வரவேற்பறைக்கு ஒரு கிளை ஒடித்து வருவது நியாயமாகப் படவில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? செராமிக்கில் செய்த பாறைகள் கிடைக்கின்றன. சில மாதங்களில் அவற்றின் மேல் ஊதா நிறப் பாசி படர்ந்து அசல் பாறை போலவே ஆகிவிடும். ‘மீன் மட்டும், பாறையோடு’ என்று தொட்டியை அமைத்தால் ஏஞ்சல் எதைக் கடிக்குமோ என்ற கவலையும் இல்லை. சட்டக் கவலையும் இல்லை. என்னைக் கேட்டால் ஏஞ்சல் வளர்க்க அதுதான் சரியான தொட்டி.

மீனின் சட்ட நிலை வேறு. ஏஞ்சல் மீன்கள் வன உயிரின அட்டவணையில் இல்லை. மெக்சிகோ பக்கத்துக் கிளாரியன் ஏஞ்சல் மட்டும் 2016இல் சைட்ஸ் பட்டியலுக்குப் போனது. 2017 மே மாதம் மத்திய அரசு மீன்தொட்டிக் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தபோது 158 இனங்களை விற்கத் தடை போட்டது. அதில் ஏஞ்சலும் கோமாளி மீனும் இருந்தன. பண்ணையில் பிறந்த மீனுக்கும் கடலில் பிடித்த மீனுக்கும் அந்தப் பட்டியல் வித்தியாசம் பார்க்கவில்லை. சென்னை கொளத்தூர் முதல் எல்லா இடத்து வியாபாரிகளும் எதிர்த்தார்கள். பிறகு அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அதோடு பேச்சும் நின்றுவிட்டது. தடை போட்டதைவிட, எடுத்த பிறகு ஒன்றுமே செய்யாமல் விட்டதுதான் தவறு என்பேன். மீன் எங்கே பிறந்தது, கடலிலா பண்ணையிலா என்று பில்லில் ஒரு வரி எழுத வேண்டும் என்ற விதி போதும். வாங்குபவர் முடிவெடுத்துக்கொள்வார். மீன்வளத் துறைக்கு இது பெரிய செலவும் இல்லை.

ஏன் பெரும்பாலும் கடலில் பிடித்த மீனே வருகிறது?

அந்தி சாயும் நேரம். ஆண் ஏஞ்சல் பெண்ணின் வயிற்றை மூக்கால் உரசியபடி இரண்டும் மேல்நோக்கி எழும். ஒரு நொடி. முட்டைகள் தண்ணீரில் சிதறும்; இரண்டும் கீழே பாய்ந்துவிடும். காவல் கிடையாது, கூடு கிடையாது. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய மிதக்கும் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிக்கும். வெளியே வரும் குஞ்சுக்கு வாயும் இல்லை, கண்ணும் வளர்ந்திருக்காது. மூன்றாம் நாள் வாய் திறக்கும்போது அதன் வாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறிய இரை, மிதவை உயிரிகளின் குஞ்சுகள், தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தமும் போய்விடும். இந்த ஒரு தடையால்தான் பல ஆண்டுகள் யாராலும் ஏஞ்சலை வளர்த்தெடுக்க முடியவில்லை. ஹவாயில் ஃபிராங்க் பேன்ஷ் 2000களின் தொடக்கத்தில் சிறுவகைகளில் இதைச் சாதித்தார். இப்போது பாலியிலிருந்து பெரிய வகைகளும் பண்ணைக் குஞ்சுகளாக வருகின்றன. விலை அதிகம். மலிவாக வருவது இன்னமும் கடல்மீன்தான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் 1960களிலிருந்தே உண்டு. அப்படிப் பிடித்த மீன் கடையில் பளபளப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து சில வாரங்களில் காரணமே தெரியாமல் சாகும்.

உங்கள் தொட்டியில் ஜோடி சேர்ந்து அந்தியில் இப்படி எழும்பினால், அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு விளக்கைச் சட்டென்று அணைக்காமல் அரை மணி நேரம் படிப்படியாக மங்கவிட வேண்டும். முட்டைகள் வடிகட்டிக்குள்தான் போகும். வீட்டில் குஞ்சு எடுப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கோமாளி மீன் இதற்கு நேர் எதிர். முட்டையைப் பாறையில் ஒட்டும், ஆண் காவல் காக்கும், பொரிந்து வரும் குஞ்சு வாயும் கண்ணுமாக உடனே இரை தேடும். அதனால்தான் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதைப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டின. அதிலும் பால் மாற்றம் உண்டு, தலைகீழாக: முதலில் ஆண், பெரியது பெண்ணாகும். இரண்டு சின்னதாக வாங்கிவிட்டால் போதும். ஒரு வருடத்தில் ஜோடி தயார். ஜோடியாக மீன் நீந்துவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அந்த ஆசை தமிழ்நாட்டிலேயே பிறந்த மீனால் தீரும்.

குற்றாலத் தண்ணீர் போதாதா?

போதாது. இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருவித் தண்ணீர் குளிக்க அமிர்தம். கடல் தொட்டிக்கு அதையும் ஆர்.ஓ.வும் அயனி நீக்கியும் சேர்ந்த வடிகட்டியில் விட்டு, கரைந்த பொருள் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத தண்ணீராக்கித்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின். போர் தண்ணீரில் என்னென்ன இருக்கும் என்று ஊருக்கு ஊர் மாறும்.

கணக்கைப் பாருங்கள். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரத் தொட்டி சுமார் 340 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பு கிட்டத்தட்ட 12 கிலோ. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு உப்புத்தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பு அங்கேயேதான் இருக்கிறது, வெறும் சுத்தநீர் போதும். புதிதாகத் தொடங்குபவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இதில்தான். பாறை, கண்ணாடி, தண்ணீர் எல்லாம் சேர்த்து எடை அரை டன்னுக்கு அருகில் வரும். மாடியில் வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. தரைக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

கேனில் கடல்நீர் கொண்டுவரலாமே என்பார்கள். தென்காசியிலிருந்து திருச்செந்தூரும் கொல்லமும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கரையோரத்தில் மொள்ளும் தண்ணீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம். வேண்டாம்.

அடுத்தது வெப்பம். சாரல் மாதங்களில் தென்காசிக்குச் சிரமமே இல்லை. கணவாய்க் காற்றில் தொட்டி தானாகவே 25, 26 டிகிரியில் நிற்கும். அதை நம்பி சில்லர் இல்லாமல் தொடங்கினால் ஏப்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும், மீனின் தேவையும் கூடும். சில்லருக்கு ஆகும் மின்கட்டணத்தை முதல் நாளே கணக்கில் எழுதுங்கள். சாரல் காலத்துக்கும் ஒரு வில்லங்கம் உண்டு: காற்றில் மரம் சாய்ந்தால் கரண்ட் போகும். தண்ணீர் ஓட்டம் நின்ற தொட்டியில் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். வீட்டு இன்வெர்ட்டரோடு ஓட்டப் பம்பை மட்டுமாவது இணைத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் கையிருப்பில் இருக்கட்டும். ஐந்து நாள் ஊரில் இல்லாதபோது இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் மீன் வாங்கலாம்.

நோய் பற்றி ஒரு பத்தி. புதுமீனை நேராகத் தொட்டியில் விடாதீர்கள். நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். கடல் வெள்ளைப்புள்ளி நோய் ஒரு மீனோடு வந்து எல்லா மீனையும் கொண்டுபோகும். அதற்குக் கொடுக்கும் தாமிர மருந்து பவளத்தையும் இறாலையும் கொல்லும் என்பதால் பிரதானத் தொட்டியில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. சிறுவகை ஏஞ்சல்களுக்குத் தாமிரமே சற்று ஒத்துக்கொள்ளாது; அளவு பார்க்கும் சோதனைக் கிட் இல்லாமல் கைவைக்காதீர்கள்.

கடையில் என்ன கேட்பது?

பண்ணைக் குஞ்சா, கடல் மீனா? கடைக்கு வந்து எத்தனை நாளாச்சு? இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். என்ன சாப்பிடுகிறது? சாப்பிடுவதைக் கண்முன்னால் காட்டச் சொல்லுங்கள். ‘இப்பதான் போட்டேன்’ என்றால் மறுநாள் வாருங்கள். உறைந்த இரையும் காய்ந்த கடற்பாசித் தாளும் தின்னும் ஏஞ்சல் பிழைக்கும். ‘ஜோடி’ என்று சொன்னால், எத்தனை நாளாக ஒரே தொட்டியில் இருக்கின்றன என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருந்த இரண்டை ஒரே பையில் போட்டுக் கொடுப்பதற்கும் ஜோடி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தென்காசி நண்பரின் தொட்டியில் இப்போது ஒரே ஒரு எம்பரர் இருக்கிறது. கிழிக்கப்பட்டது போக, கிழித்தது. வளையங்கள் கலைந்து ஓரத்தில் மஞ்சள் கோடு தெரிய ஆரம்பித்துவிட்டது. கை நீட்டினால் சாப்பாட்டுக்கு ஓடி வருகிறது. வீட்டில் அம்மா அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார். நான்கு அடித் தொட்டி அதற்கு இன்னும் ஒரு வருடம் தாங்கலாம். மீன் பதினைந்து, இருபது வருடம் கூட இருக்கும். கடலில் விட்டுவிடலாமா என்று கேட்டார். தொட்டி மீனைக் கடலில் விட்டால் அதன் நோயும் சேர்ந்து போகும், கூடாது என்று சொன்னேன். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். ஆயிரம் லிட்டருக்கு மேல் தொட்டி வைத்திருக்கும் ஆள் யாராவது மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ கிடைப்பார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.